பெரியவங்களுக்கு சின்னம்மை ஊசி: முதல்ல டெஸ்ட் எடுங்க, அப்புறம் ஊசியைத் தேடுங்க

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கற பெரியவங்க யாராவது சின்னம்மை தடுப்பூசி போடணும்னு கிளம்புனா என்ன நடக்கும்னு சொல்றேன் கேளுங்க. கிளினிக்ல "அது கொழந்தைங்களுக்குப் போடறதாச்சே"ம்பாங்க, ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாக்க லேப்ல கேட்டா வேற ஏதோ டெஸ்ட்டை எழுதிக்குவாங்க, மெடிக்கல்ல கேட்டா ஆர்டர் போட்டாத்தான் வரும்பாங்க, வீட்டுல கேட்டா "உனக்குத்தான் சின்னதுலயே ஆத்தா வந்துட்டுப் போயிட்டாளே, அப்புறம் எதுக்கு ஊசி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. நானும் என் தங்கச்சியும் ஒட்டுக்கா இதுக்கு அலைஞ்சோமுங்க. அவ நர்சிங் முடிச்சுட்டு வெளிநாட்டு வேலைக்குப் பேப்பர் ரெடி பண்ணிட்டு இருந்தா, எனக்கு கொழந்தைக்கு ரெடியாகறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான் டாக்டர் இல்லீங்க, உங்க உடம்புக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு, ஆனா எந்த வரிசைல போனா அலைச்சல் கொறையும்னு இப்ப எனக்கு நல்லாவே தெரியும்.

1. இது உங்களுக்குத் தேவையான்னு பாருங்க

ஆஸ்பத்திரில வேலை செய்யறவங்க, நர்சிங், லேப், பிசியோ படிக்கறவங்க, பால்வாடி ஸ்கூல் டீச்சருங்க, மில் ஹாஸ்டல் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கறவங்க, கர்ப்பத்துக்கு பிளான் பண்றவங்க, வீட்டுல கீமோ எடுக்கறவங்களோ கிட்னி மாத்துனவங்களோ இருந்தா அவங்க கூட இருக்கறவங்க. இவங்களுக்கெல்லாம் இது வீண் சோலி இல்லீங்க.

சின்னப் பசங்களுக்கு வந்தா ஒரு வாரம் பத்து நாள் கெடந்துட்டு எந்திரிச்சிருவாங்க, பெரியவங்களுக்கு வந்தா காய்ச்சலும் கொப்புளமும் எச்சா இருக்கும், நுரையீரல்ல நிமோனியா ஆகற வாய்ப்பும் அதிகம். கர்ப்பமா இருக்கறப்ப முதல் 20 வாரத்துக்குள்ள வந்தா கொறஞ்ச சதவீதம்தான்னாலும் வயித்துல இருக்கற கொழந்தைக்கு குறைபாடு வரலாம், பிரசவத்தை ஒட்டி வந்தா பொறந்த கொழந்தைக்கே ரொம்ப ஆபத்து.

இங்க ஒரு கண்ணி இருக்குது. நெட்ல தேடுனீங்கன்னா 1980க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு தானாவே எதிர்ப்பு சக்தி இருக்கறதா எடுத்துக்கலாம்னு வரும். அது அமெரிக்காவுல பொறந்தவங்களுக்குச் சொன்னது, அங்கயும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது செல்லாது. நம்ம மாதிரி வெக்கை நாடுகள்ல நெறையப் பேருக்கு சின்ன வயசுல வராமயே போயி பெரியவங்களான பொறவு வருது, அதனால "இந்த வயசுக்கு எப்பவோ வந்துருக்கும்"ங்கறதை நம்பாதீங்க.

2. வீட்டுல விசாரிங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க

நம்ம பக்கத்துல அம்மை வந்தா வேப்பிலை கட்டி, எளநீர் குடுத்து, தனியாப் படுக்க வெச்சு, மூணாந் தண்ணி வரைக்கும் ஊத்தி முடிச்சிருவாங்க, டாக்டர்கிட்டயே போக மாட்டாங்க. அதனால உங்களுக்கு சின்னம்மை வந்துச்சுங்கறதுக்கு ஒரு சீட்டு கூட இருக்காது. வீட்டுப் பெரியவங்க ஞாபகம் மட்டும்தான் இருக்கும், அதுலயும் தட்டம்மை, வேர்க்குரு, கழுத்து வீங்குனது எல்லாமே "அம்மை போட்டிருந்துச்சு"ன்னுதான் சேந்து கெடக்கும்.

அம்மாகிட்டயோ அம்மாயிகிட்டயோ இப்படிக் கேளுங்க: தண்ணி கோத்த கொப்புளமா, இல்ல செவந்த மணல் மாதிரியா? ஒரு பக்கம் புதுசாக் கொப்புளிக்கறப்ப இன்னொரு பக்கம் காஞ்சு பொருக்கு கட்டுச்சா? நெஞ்சு முதுகுல எச்சா இருந்துச்சா? வீட்டுல இன்னொரு கொழந்தைக்கும் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள வந்துச்சா? எல்லாத்துக்கும் ஆமான்னா சின்னம்மையாத்தான் இருக்கும். கண்ணு செவந்து, இருமலோட மணல் மாதிரி வந்துச்சுன்னா அது தட்டம்மை. மூஞ்சில இருக்கற தழும்பை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பருத் தழும்பும் அப்படித்தான் இருக்கும். அக்கி வந்து டாக்டரே பாத்து அக்கின்னு எழுதியிருந்தா அது நல்ல சாட்சி, ஏன்னா சின்னம்மைக் கிருமி உடம்புல முன்னாடியே இருந்தாத்தான் அக்கி வரும்.

எங்க வீட்டுல அம்மா எனக்கு வந்துச்சு, தங்கச்சிக்கு வரவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாங்க. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்தப்ப எனக்கு நெகட்டிவ், அதாவது எதிர்ப்பு சக்தி இல்லை, அவளுக்கு பாசிட்டிவ், அதாவது இருக்குது. நாலஞ்சு கொப்புளத்தோட லேசா வந்துட்டுப் போறதை யாரும் கவனிக்கறதில்லைங்க. இங்கிலாந்துல ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான வழிகாட்டுதல்லயும் வெப்ப நாடுகள்ல வளந்தவங்க வாய்ச்சொல்லை மட்டும் நம்பாம டெஸ்ட் எடுத்துப் பாக்கறதுதான் வழக்கம், அதனால அங்க வேலைக்குப் போறவங்க "எனக்கு வந்துருக்கு"ன்னு ஃபாரத்துல டிக் அடிச்சா மட்டும் போதாது.

3. டெஸ்டா, நேரா ஊசியா?

நான் விசாரிச்சப்ப டெஸ்ட் ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள சொன்னாங்க, ஊசி ஒரு டோஸே ரெண்டாயிரத்தை ஒட்டி இல்லாட்டி அதுக்கும் மேல. பெரியவங்களுக்கு ரெண்டு டோஸ், கூட ரெண்டு தடவை கன்சல்டேஷன், ஊசி போடற சார்ஜ். ஆக டெஸ்ட் பாசிட்டிவ்னா ஊசிச் செலவு நாலாயிரம் அஞ்சாயிரம் மிச்சம், கையில பேப்பரும் வந்துரும். வந்ததா ஞாபகமே இல்லாதவங்களுக்கும் நெறையப் பேருக்கு பாசிட்டிவ்தான் வருது, அதனால பெரும்பாலும் முதல்ல டெஸ்ட்ங்கறதுதான் என் கட்சி.

ஆனா ரெண்டு எடத்துல டெஸ்ட் வேண்டாமுங்க. ஒண்ணு, சின்ன வயசுல ஒரு டோஸ் போட்டதுக்கு கார்டு இருக்கறவங்க. டெஸ்ட்டுக்குச் செலவு பண்ணாம ரெண்டாவது டோஸைப் போட்டு முடிச்சுருங்க, எத்தனை வருசம் ஆயிருந்தாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. இன்னொண்ணு, நாள் இல்லாதவங்க, இல்ல டெஸ்ட்டுன்னு தள்ளிவிட்டா அப்படியே விட்டுருவோம்னு தங்களைத் தாங்களே தெரிஞ்சவங்க. ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருக்கறவங்களுக்கு ஊசி போட்டாலும் கெடுதல் ஒண்ணும் இல்லை, காசுதான் எச்சாப் போகும். எந்த வழில போனாலும் ஆறாவது படியைத் தாண்டாம ஊசி போடாதீங்க.

4. லேப்ல என்ன பேர் சொல்லிக் கேக்கணும்

முக்கால்வாசிக் குழப்பம் இங்கதான் நடக்குது. டெஸ்ட்டோட பேர் வெரிசெல்லா ஜோஸ்டர் வைரஸ் (சின்னம்மைக் கிருமி) ஐஜிஜி. ஐ, ஜி, ஜி. இதை டாக்டர் சீட்டுலயே எழுதி வாங்கிக்குங்க.

ஐஜிஎம் வேண்டாம். அது இப்பத்தான் நோய் வந்துருக்கான்னு பாக்கறதுக்கு, உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கான்னு அது சொல்லாது. ஒரு லேப்ல எங்களுக்கு ஐஜிஎம் எடுத்துக் குடுத்து "நெகட்டிவ்தாங்க, ஒண்ணும் பிரச்சனை இல்லை"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, காசு போனது போனதுதான். பில் போடறப்பவே கம்ப்யூட்டர்ல என்ன பேர் ஏறுதுன்னு எட்டிப் பாத்துருங்க.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் டெஸ்ட்டும் இது இல்லை, அது வேற கிருமி. கொழந்தைக்கு பிளான் பண்றவங்களுக்கு வயித்துக் கொழந்தையைப் பாதிக்கற சில கிருமிகளைச் சேத்துப் பாக்கற டார்ச் பேனல்னு ஒண்ணு எழுதுவாங்க, அதுக்கு நல்ல காசும் வாங்குவாங்க, அதுலயே எல்லாம் வந்துரும்னு நெனச்சுக்காதீங்க. நம்ம ஊர் லேபுங்கள்ல அந்தப் பேனல்ல பொதுவா டாக்ஸோ, ருபெல்லா, சிஎம்வி, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்தான் இருக்கும், சின்னம்மையைத் தனியாக் கேட்டாத்தான் எடுப்பாங்க.

வெறும் வயித்துல போக வேண்டியதில்லை, காபி டிபன் சாப்பிட்டுட்டே போலாம். கோபி, தாராபுரம், பெருந்துறை மாதிரி ஊர்கள்ல இருக்கற சின்ன லேபுங்க ரத்தத்தை மட்டும் எடுத்து பெரிய லேபுக்கு அனுப்பி வெப்பாங்க, ரிசல்ட் வர சில நாள் ஆகும். அதனால என்னைக்கு ரிசல்ட் வரும், டெஸ்ட் பண்ற லேபுக்கு என்ஏபிஎல்ங்கற தரச் சான்று அமைப்போட அங்கீகாரம் இருக்குதா, ரிப்போர்ட்ல நம்பர் வருமா இல்ல வெறும் பாசிட்டிவ் நெகட்டிவ்தானா, இந்த மூணையும் ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க.

வெளிநாட்டுக்குன்னா பேர் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே ஏறணும். இனிஷியலை முன்னாடி போட்டு ஒரு ரிப்போர்ட், அப்பா பேரை முழுசா எழுதி ஒரு ரிப்போர்ட்னு வெச்சுட்டு தங்கச்சி ஏஜென்ஸிகிட்ட பட்ட பாடு இருக்கே, அதைத் தனியாவே எழுதலாம்.

சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தாலோ இம்யூனோகுளோபுலின் (அடுத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) போட்டிருந்தாலோ லேப்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லிருங்க. அடுத்தவங்க ரத்தத்துல இருந்த எதிர்ப்பு சக்தி உங்க ரிப்போர்ட்ல பாசிட்டிவ்வா வந்து நின்னுக்கும்.

5. ரிப்போர்ட்டை எப்படிப் பாக்கறது

ஒவ்வொரு கிட்டுக்கும் ஒவ்வொரு அளவு, அதே பக்கத்துல ரெஃபரன்ஸ் ரேஞ்ச்னு போட்டிருக்கறதை வெச்சுத்தான் பாக்கணும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேற லேப்ல எவ்வளவு வந்துச்சுன்னு ஒப்பிட்டுப் பாத்து பயப்படாதீங்க.

பாசிட்டிவ்னா ஊசி தேவையில்லை, நேரா பத்தாவது படிக்குப் போயிருங்க. நெகட்டிவ்னா ரெண்டு டோஸ். ஈக்விவோக்கல்னோ பார்டர்லைன்னோ வந்தா அப்படியும் இல்லை இப்படியும் இல்லைன்னு அர்த்தம், சில டாக்டருங்க திரும்ப எடுத்துப் பாக்கச் சொல்வாங்க, இல்லாட்டி நெகட்டிவ்னு வெச்சு ஊசி போட்டுருவாங்க. கைல நாள் கம்மின்னா ரெண்டாவதே மேல்.

6. ஊசி போடக்கூடாதவங்க, தள்ளிப் போட வேண்டியவங்க

இது உயிருள்ள கிருமியை பலவீனமாக்கி செஞ்ச ஊசி. அதனால கர்ப்பமா இருந்தா போடவே கூடாது, நாள் தள்ளிப் போயிருந்தா வீட்டுலயே கார்டு டெஸ்ட் பண்ணிட்டுப் போங்க. கர்ப்பத்துல ஐஜிஜி டெஸ்ட் எடுக்கலாம், ஊசி மட்டும் பிரசவத்துக்கு அப்புறம். பால் குடுக்கறவங்க போட்டுக்கலாம்.

கீமோ, உறுப்பு மாத்துனவங்களோட மாத்திரை, எதிர்ப்பு சக்தி ரொம்பக் கொறஞ்சவங்க, இவங்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் சொல்லாமப் போடக்கூடாது. மூட்டு வலிக்கோ வீசிங்குக்கோ ஸ்டீராய்டு சாப்பிடறவங்களும் டோஸைச் சொல்லிருங்க, பிரெட்னிசோலோன் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ ரெண்டு வாரத்துக்குக் கொறையாம எடுத்திருந்தா நிறுத்தி ஒரு மாசம் காத்திருக்கணும். ஜெலட்டின், நியோமைசின் இதுக்கெல்லாம் கடுமையான அலர்ஜி இருந்தாலும் சொல்லணும். ரத்தம் ஏத்துனவங்க எதை ஏத்துனாங்கங்கறதைப் பொறுத்து 3 மாசத்துல இருந்து 11 மாசம் வரைக்கும் தள்ளிப் போடணும், இல்லாட்டி ஊசி வேலை செய்யாமப் போயிரும்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவுக்குப் போடற எம்எம்ஆர் ஊசியும் போட வேண்டியிருந்தா ரெண்டையும் ஒரே நாள்ல கைக்கு ஒண்ணாப் போட்டுக்கலாம், இல்லாட்டி 4 வாரம் இடைவெளி விடணும். மஞ்சக்காமாலை பி ஊசிக்கும் டிடிங்கற டெட்டனஸ் ஊசிக்கும் இந்தக் கணக்கு இல்லை. நர்சிங் வேலைக்குப் போறவங்களுக்கு டிபி தோல் டெஸ்ட் கேப்பாங்க, அதை ஊசிக்கு முன்னாடியோ அன்னைக்கேவோ முடிச்சுருங்க, அப்புறம்னா 4 வாரம் காத்திருக்கச் சொல்லுவாங்க. அக்கிக்கோ வேற எதுக்கோ வைரஸை அடக்கற ஏசைக்ளோவிர் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா அதையும் சொல்லுங்க, அது ஊசியைக் கெடுத்துரும்.

7. ஊசி எங்க கெடைக்கும்

தேசிய தடுப்பூசி அட்டவணைல இது இல்லை, அதனால ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ஜிஎச்சுலயும் இலவசமாப் போடறதில்லை, போயி வரிசைல நிக்காதீங்க. பொது டாக்டருங்க கிளினிக்லயும் ஸ்டாக் இருக்கறது அபூர்வம். கொழந்தைங்க டாக்டர்கிட்டத்தான் இருக்கும். கொழந்தைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே ஊசி, ஒரே அளவு, அரை மில்லி. அதனால ஈரோடு பெருந்துறை ரோட்டுலயோ கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துலயோ கொழந்தைங்க கிளினிக்குக்கு போன் பண்ணி, "பெரியவங்களுக்குப் போடுவீங்களா, ஸ்டாக் இருக்குதுங்களா, எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும், ரெண்டாவது டோஸுக்கும் எடுத்து வெப்பீங்களா"ன்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. கேக்காம பஸ் ஏறுனா திரும்பி வர வேண்டியதுதான். கொழந்தைங்க நடுவுல தாடி வெச்ச ஆம்பளைங்க உக்காந்திருக்கறதுக்குக் கூச்சப்படறாங்க, எங்க ஊட்டுக்காரர் அப்படித்தான் நெளிஞ்சாரு, யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க.

மெடிக்கல்ல நீங்களே வாங்கிட்டுப் போயி போடறதா இருந்தா, இது 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய சரக்கு. பங்குனி வெய்யில்ல கேரி பேக்ல போட்டு பஸ்ல கொண்டு போனா அதைப் போடறதும் தண்ணியைப் போடறதும் ஒண்ணுதான். ஸ்டாக் வெச்சிருக்கற எடத்துலயே போட்டுக்கறது நல்லது. பவுடர் ஒரு பாட்டில்லயும் கலக்கற தண்ணி தனியாவும் வரும், உங்க கண்ணு முன்னாடி எக்ஸ்பைரி பாத்து கலக்கச் சொல்லுங்க, கலக்குன கையோட போட்டுரணும்.

"ஜோஸ்டர் ஊசி"ன்னு மட்டும் சொல்லி வாங்காதீங்க, 50 வயசுக்கு மேல அக்கி வராம இருக்கறதுக்குப் போடற ஊசி ஒண்ணு இருக்குது, அது வேற, விலையும் பல மடங்கு. "வெரிசெல்லா தடுப்பூசி"ன்னு கேளுங்க.

8. தேதிக் கணக்கு

முதல் டோஸுக்கும் ரெண்டாவதுக்கும் 4 வாரத்துல இருந்து 8 வாரம். 28 நாளுக்கு முன்னாடி போடாதீங்க, வெளிநாட்டுக்காரங்க அந்த டோஸை ஏத்துக்காமப் போகலாம். லேட்டாச்சுன்னா பரவாயில்லை, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஒவ்வொரு டோஸுக்கு அப்புறமும் ஒரு மாசம் கர்ப்பம் ஆகாமப் பாத்துக்கணும்.

உதாரணத்துக்கு ஜனவரி முதல் வாரம் டெஸ்ட், ஜனவரி 10 முதல் டோஸ்னா பிப்ரவரி 7க்கு மேல ரெண்டாவது டோஸ். வேலைக்குப் பேப்பர் வேணும்னா அன்னைக்கே ரெடி, கொழந்தைக்கு பிளான்னா மார்ச் 7 வரைக்கும் பொறுக்கணும். சேர வேண்டிய தேதில இருந்து பின்னோக்கி எண்ணி ரெண்டு மாசத்துக்கு முன்னாடியாவது ஆரம்பிங்க.

நான் கேட்டா தீபாவளி முடிஞ்சதும் ஆரம்பிச்சு தைக்குள்ள முடிச்சுருங்கம்பேன். சின்னம்மை பரவறது பெரும்பாலும் குளிர் முடிஞ்சு வெய்யில் ஏறற மாசங்கள்லதான், நம்ம பக்கம் கோனியம்மன், பண்ணாரி, ஈரோடு பெரிய மாரியம்மன்னு மாசி பங்குனில நோம்பி வரிசையா வரும், ஒறம்பறையெல்லாம் ஊருக்கு வரும், கூட்டம் சேரும். ஆத்தா கோவிச்சுக்குவான்னு வீட்டுல சொன்னாங்கன்னா சண்டை போடாதீங்க. ஊசியைப் போட்டுட்டு வந்து கம்பத்துக்குத் தண்ணி ஊத்துனா அவ ஒண்ணும் வேண்டாங்க மாட்டா.

9. ஊசி போட்ட பொறவு

கால் மணி நேரம் அங்கயே உக்காருங்க. கை வலி, லேசாக் காய்ச்சல் சகஜம். சிலருக்கு ஒரு மாசத்துக்குள்ள ஊசி போட்ட எடத்துலயோ உடம்புலயோ நாலஞ்சு கொப்புளம் வரும், அப்படி வந்தா மூடி வெச்சுட்டு, அது காயற வரைக்கும் கர்ப்பிணிங்க, கைக்கொழந்தைங்க, எதிர்ப்பு சக்தி இல்லாதவங்க பக்கம் போகாதீங்க. ஹாஸ்டல்ல இருந்தா வார்டன்கிட்ட ஊசிச் சீட்டைக் காட்டிருங்க, இல்லாட்டி பொட்டியைக் கட்டி ஊருக்குத் தாட்டி விட்டுருவாங்க.

ரெண்டு டோஸும் முடிச்ச பொறவு "வேலை செஞ்சுருக்கான்னு பாக்கலாம்"னு திரும்ப ஐஜிஜி எடுக்காதீங்க. ஊசியால வர எதிர்ப்பு சக்தியை சாதாரண கிட்டுங்க சில சமயம் புடிக்காம விட்டுரும், நெகட்டிவ்னு வந்து நீங்களும் பயந்து ஹெச்ஆரையும் பயமுறுத்துவீங்க. ரெண்டு டோஸுக்கான சர்டிபிகேட்தான் உங்க ஆதாரம்.

10. பேப்பர்

டெஸ்ட் ரிப்போர்ட்ல பேர், பொறந்த தேதி, சாம்பிள் எடுத்த தேதி, லேப் டாக்டர் கையெழுத்து இருக்கணும். ஊசிக்கு வெறும் பில் பத்தாது. ஊசியோட பிராண்டு பேர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, போட்ட தேதி, டாக்டர் சீல், ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் போட்டு லெட்டர்பேடுல வாங்குங்க, பாட்டில்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை உரிச்சு ஒட்டித் தரச் சொல்லுங்க. கொழந்தைங்க கிளினிக்ல கார்ட்டூன் போட்ட கார்டைக் குடுப்பாங்க, அதுலயே எழுதி சீல் வெச்சாலும் செல்லும், ஆனா லெட்டர்பேடும் கேட்டு வாங்கிக்குங்க. ஸ்கேன் பண்ணி உங்க மெயிலுக்கே ஒண்ணு அனுப்பி வெச்சுருங்க.

11. இதுக்கு நடுவுல பக்கத்துல யாருக்காவது அம்மை வந்துட்டா

கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அவங்ககிட்ட இருந்து பரவ ஆரம்பிச்சிரும், அதனால "பாத்த உடனே தள்ளி வந்துட்டேன்"னு இருந்துராதீங்க. உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லைன்னு தெரிஞ்சா 3 நாளுக்குள்ள, போனா 5 நாளுக்குள்ள ஊசி போட்டா நோய் வராம தடுக்கவோ லேசாக்கவோ வாய்ப்பு இருக்குது, அந்த நேரத்துல டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஊசி கெடையாதே, அவங்க அன்னைக்கே டாக்டர்கிட்ட போயி என்னைக்கு, எவ்வளவு நேரம் கூட இருந்தீங்கன்னு சொல்லணும், அவசரமா ஐஜிஜி பாத்து தேவைப்பட்டா 10 நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின் போடுவாங்க, அது எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கூட இருந்த நாள்ல இருந்து 10 நாளுக்கு மேல 21 நாள் வரைக்கும் எப்ப வேணாலும் கொப்புளம் வரலாம். வந்துருச்சுன்னா பெரியவங்க வேப்பிலையோட நிறுத்திக்காதீங்க, ஏசைக்ளோவிர் மாதிரி மாத்திரையை முதல் கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா வேலை செய்யும். மூச்சு வாங்குனா ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி "சின்னம்மை மாதிரி இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க, வெளிய உக்காந்திருக்கறவங்கள்ல கர்ப்பிணிங்க இருப்பாங்க, அவங்களே உங்களை வேற வழியா உள்ள கூப்பிட்டுக்குவாங்க.